மூன்று மாதத்தில் ஆத்தங்குடிக் கல் போடக் கற்றுக்கொடுக்க முடியுமா?

ஆத்தங்குடிப் பட்டறை
நேற்று இங்கே 'திறன் வழிகாட்டி' ஒரு பதிவு போட்டிருந்தார். படிக்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். செட்டிநாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லையாம், ஒருங்கிணைப்புக்குத்தான் பஞ்சமாம். கலெக்டர் தலைமையிலான மாவட்டத் திறன் குழு, ஐடிஐ, பல்கலைக்கழகம், ஓட்டல் முதலாளிகள், டைல்ஸ் பட்டறைகள் எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் மூன்று மாதப் பயிற்சியில் நூறு ஆத்தங்குடிக் கல் தொழிலாளிகளை உருவாக்கிவிடலாமாம்.

ஆத்தங்குடிக் கல் என்பது கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, கலரும் சிமெண்டும் ஊற்றிக் கையால் செய்கிற தரைக்கல். மற்றதெல்லாம் இருக்கட்டும். மூன்று மாதமா? நான் பதினாறு வயதில் அப்பாவுக்குக் கலவை குழைத்துக் கொடுக்க உட்கார்ந்தவன். முதல் வருடம் முழுக்க மணல் சலித்தேன், கண்ணாடி துடைத்தேன், காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் அடுக்கினேன். அச்சைக் கையில் கொடுத்ததே இரண்டாம் வருடம்தான். கலர் கொஞ்சம் நீர்த்தால் பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடிவிடும். கொஞ்சம் இறுகினால் கல்லில் குழி விழும். அச்சைத் தூக்கும்போது கை ஒரு நூல் ஆடினாலும் பூ கலைந்துபோகும். இதை மூன்று மாதத்தில் கற்றுத் தருகிறேன் என்று சொன்னவர் ஒரு கல்லாவது போட்டிருக்கிறாரா?

திறன் வழிகாட்டி
அண்ணே, நான் எழுதியது இருபது வரி. நீங்கள் பிடித்துக்கொண்டது ஒரு வரி. என் பேச்சே வேறு. பயிற்சி ஒரு பக்கம் நடக்கிறது, வேலை இன்னொரு பக்கம் கிடக்கிறது. காரைக்குடிப் பிள்ளைக்குத் தையல் சொல்லிக்கொடுத்துத் திருப்பூருக்கு அனுப்புகிறோம். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுகிறவர் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார். இவர்களைச் சேர்த்துவைக்க ஒரு அமைப்பு வேண்டும் என்றேன். அதில் என்ன தப்பு?

ஆத்தங்குடிப் பட்டறை
தப்பு மூன்று மாதம் என்றதில் இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா
அண்ணன் சொல்வது சரி. போன வருடம் என் தம்பி மகன் ஒரு மையத்தில் பயிற்சி முடித்தான். படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், வெளியூர்க் கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஒரு அறையில் பத்துப் பேர். நாற்பது நாளில் ஊருக்குத் திரும்பிவிட்டான். அந்த மையத்தின் கணக்கில் அவன் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

ஐடிஐ வாத்தியார்
கணக்கு அப்படி இல்லை. கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாயா திட்டம் 2014-ல் வந்தது. பயிற்சி முடித்தவர்களில் 70 விழுக்காட்டினருக்காவது வேலை காட்ட வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது வேலை என்று கணக்கில் ஏறும். நாற்பது நாளில் வந்தவன் அதில் வரமாட்டான்.

ஆத்தங்குடிப் பட்டறை
பாருங்கள், இங்கேயும் மூன்று மாதம்! மூன்று மாதம் கற்றுக்கொள், மூன்று மாதம் வேலை பார், கோப்பை மூடு. நாலாவது மாதம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

திறன் வழிகாட்டி
அண்ணே, அது வேலையில் நீடிக்கிற மூன்று மாதம். நான் சொன்னது பயிற்சிக் காலம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஆத்தங்குடிப் பட்டறை
நான் குழப்பவில்லை தம்பி. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு அந்த ஒரு எண்தான் கிடைக்கிறது.

சிங்கப்பூர்க் காரைக்குடி
இங்கே 2015-லேயே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கொண்டுவந்துவிட்டார்கள். 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் படிக்க அரசாங்கமே 500 வெள்ளி வரவு வைத்தது. முதலாளிகள், தொழிற்சங்கம், அரசு மூன்றும் சேர்ந்து எந்தத் துறைக்கு என்ன திறன் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைக்கிறார்கள். நம்மூரில் இன்னும் மூன்று மாதமா மூன்று வருடமா என்று சண்டை.

தேவகோட்டை ரஸ்தா
அந்த 500 வெள்ளி குடிமக்களுக்கு மட்டும்தானே அண்ணே? வேலை அனுமதியில் கட்டடத்தில் நிற்கிற நம்மூர்க்காரனுக்கு ஒரு வெள்ளி உண்டா? அவன் இங்கேயே கடன் வாங்கி, சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கான ஸ்கில் தேர்வை முடித்து, ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறான். அவன் திறனுக்கு யார் செலவு செய்தது? அவன் அம்மா தாலிக்கொடி.

சிங்கப்பூர்க் காரைக்குடி
நானும் அப்படி வந்தவன்தான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஸ்கில் தேர்வில் கம்பி கட்டிக் காட்டினால்தான் பாஸ். தேர்வு வைக்கிறவனுக்குத் தனக்கு என்ன ஆள் வேண்டும் என்று தெரியும். நம்மூர்ப் பயிற்சியில் அது இருக்கிறதா?

ஐடிஐ வாத்தியார்
இதைத்தான் ஜெர்மனியில் இரட்டை முறை என்கிறார்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் கம்பெனியில் வேலை, மீதி நாள் பள்ளியில் பாடம். மூன்று வருடம், சில தொழிலுக்கு மூன்றரை. தேர்வு நடத்திச் சான்று கொடுப்பது அந்தப் பகுதி வர்த்தக சபை. நம்மிடமும் 1961-லிருந்து தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். சின்னப் பட்டறைகளுக்கு அந்த வழி திறந்திருக்கிறது, நுழையத்தான் ஆள் இல்லை. இத்தனைக்கும் ஐடிஐயில் வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டர் இரண்டு வருடம். ஆத்தங்குடிக் கல்லுக்குப் பாடத்திட்டமே கிடையாது.

ஆத்தங்குடிப் பட்டறை
வாத்தியார் வாயாலேயே வந்துவிட்டது! வெல்டருக்கே ஒரு வருடம். கல்லுக்கு மூன்று மாதம். எங்கள் தொழில் என்றால் அவ்வளவு இளக்காரம்.

திறன் வழிகாட்டி
இளக்காரம் என்று நான் எங்கே சொன்னேன்? ப்ளைன் கல், பார்டர் கல் மட்டும் போடப் பழக மூன்று மாதம் போதாதா? பூக்கல் பிறகு பட்டறையிலேயே பழகிக்கொள்வான். உங்கள் பட்டறையில் ப்ளைன் கல் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரு வருடம் மணல் சலித்தவர்களா?

ஆத்தங்குடிப் பட்டறை
ஆமாம்.

அப்புறம் ஒன்று. ப்ளைன் கல்தான் கஷ்டம். பூக்கல்லில் சின்னப் பிசகைப் பூ மறைத்துவிடும். ப்ளைன் கல்லில் ஒரு திட்டு விழுந்தால் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும். அச்சே இல்லாமல் கையால் கலரைச் சுழற்றிப் பூ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்துத்தான் கல் ஆகிறது. இதில் அவசரப்பட முடியாது. ஆளை உருவாக்குவதிலும் முடியாது.

கொட்டான்
நான் பின்னல் வேலை செய்கிறவள். எல்லா அண்ணன்மாரும் கல்லையே பேசுகிறீர்கள். கொட்டான் என்கிற பனையோலைக் கூடை பின்னுவது ஏறக்குறைய அழிந்துவிட்ட தொழில். 2000-ல் எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களைக் கூட்டி மறுபடி தொடங்கியது. கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பயிற்சியும் விற்பனையும் ஒரே கையில் இருந்தன, அதனால் நின்றது. எத்தனை மாதம் என்று சண்டை போடுகிறவர்கள், பின்னியதை யார் வாங்குவார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

திறன் வழிகாட்டி
நன்றி அக்கா. இதைத்தான் ஒருங்கிணைப்பு என்கிறேன்.

ஆத்தங்குடிப் பட்டறை
தங்கச்சி, நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உன்னையே கேட்கிறேன். நல்ல கொட்டான் பின்ன உனக்கு மூன்று மாதம் போதுமாக இருந்ததா?

கொட்டான்
அது ஆளைப் பொறுத்தது அண்ணே. நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

கோனாபட்டு
ஒரு சந்தேகம். மாவட்டத் திறன் குழு என்கிறீர்கள், கலெக்டர் தலைமை என்கிறீர்கள். எந்தக் கலெக்டர்? செட்டிநாடு பாதி சிவகங்கை, பாதி புதுக்கோட்டை. கோனாபட்டு, ராயவரம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் பையன் வேலைக்குக் காரைக்குடிக்குத்தான் வருகிறான். அவனைச் சிவகங்கைக் குழு சேர்த்துக்கொள்ளுமா, புதுக்கோட்டைக் குழு தேடி வருமா?

தேவகோட்டை ரஸ்தா
காரைக்குடியைத் தனி மாவட்டமாக்கினால் இந்தக் கேள்வியே வராது. 2024-ல் மாநகராட்சி ஆக்கினார்கள், ஆனால் ஒரு கையெழுத்துக்கு இன்னும் சிவகங்கைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர்க் காரைக்குடி
ஆமாம், அப்போது தலைநகர் தேவகோட்டை என்று கிளம்புவீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா
கிளம்பினால் என்ன? காரைக்குடியில் இருப்பதெல்லாம் காரைக்குடிக்காரனே கட்டியதா?

சிங்கப்பூர்க் காரைக்குடி
அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துத்தான் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கல்லூரி, பொறியியல் கல்லூரி, பின்னால் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே மனிதர் போட்ட விதை. அவர் எந்தக் குழுவுக்காகக் காத்திருந்தார்?

ஐடிஐ வாத்தியார்
அவர் நிலம் கொடுத்தார், ஒன்றிய அரசு ஆய்வகம் கட்டியது, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கல்லூரி வந்தது. கூட்டு முயற்சி என்பதே அதுதான்.

திறன் வழிகாட்டி
அப்படிச் சொல்லுங்கள் சார். இன்றைக்குத் திட்டங்கள் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. கைத்தொழில் செய்கிறவர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், டைல்ஸ் அதில் இல்லை. அதைத் தமிழ்நாடு ஏற்கவும் இல்லை. மாநிலத்தின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள், ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் திட்டம் கல்லூரி மாணவர்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. பத்தாவதோடு நின்ற இருபது வயதுப் பையன் எந்தக் கதவைத் தட்டுவான்? அவனுக்காகத்தான் குறுகிய காலப் பயிற்சி என்றேன்.

ஆத்தங்குடிப் பட்டறை
அந்தப் பையன் என் பட்டறைக் கதவைத் தட்டட்டும். திறந்துதான் கிடக்கிறது. வந்தால் பத்து நாளில் போய்விடுகிறான். சிமெண்டில் கை வெந்துவிடும், முதுகு வலிக்கும், முதல் வருடம் கூலியும் குறைவு. அந்த ஒரு வருடக் கூலியில் பாதியை உங்கள் குழு கொடுக்கட்டும், மீதியை நான் கொடுக்கிறேன். பையனை நிறுத்திக் காட்டுகிறேன். இந்தப் பட்டறையில் என்ன பிரச்சினை என்று என்னை எந்த மேசைக்காவது கூப்பிட்டுக் கேட்டார்களா? பாடத்திட்டம் எழுதுகிறார்கள், மையம் திறக்கிறார்கள். கடைசியில் சான்றிதழோடு என்னிடம் வந்து ஆள் எடுங்கள் என்கிறார்கள். அவனுக்கு அச்சு பிடிக்கத் தெரியாது. மூன்று மாதம்!

திறன் வழிகாட்டி
அண்ணே, பயிற்சிக் காலத்தில் கூலி கொடுக்கச் சொல்கிறீர்களே, அது என் பதிவின் பதினோராவது வரியிலேயே இருக்கிறது. பழகுநர் உதவித்தொகையில் 25 விழுக்காடு, மாதம் 1,500 ரூபாய் வரை ஒன்றிய அரசு தரும் என்று எழுதியிருந்தேன்.

ஆத்தங்குடிப் பட்டறை
1,500 ரூபாய்க்கு ஒரு வருடம் எவன் உட்காருவான்? நான் பாதி என்றேன், அவர்கள் கால் என்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கும் மூன்று மாதத்தைத் தாண்டி வாய் வரவில்லை.

திறன் வழிகாட்டி
ப்ளைன் கல்லுக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். இனி இதில் பேச ஒன்றுமில்லை.

ஆத்தங்குடிப் பட்டறை
ப்ளைன் கல்தான் கஷ்டம் என்று நானும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பட்டறைக்கு வாருங்கள். ஒரே ஒரு ப்ளைன் கல் போட்டுக் காட்டுங்கள்.

கொட்டான்
வாங்குகிறவர் யார் என்று கேட்டேனே.

கோனாபட்டு
எங்கள் ஊர் எந்தக் குழுவில் வரும் என்றும் இன்னும் யாரும் சொல்லவில்லை.