எம்எஸ்சி படித்துக்கொண்டே ஸ்டூடன்ட்ஸ் யூனியன் தேர்தலில் நிற்கலாமா?

கோவைப்பையன்:
போன செப்டம்பரில்தான் இங்கிலாந்து வந்தேன், ஓராண்டு எம்எஸ்சி. யூனியனில் எஜுகேஷன் ஆபீசர் பதவிக்கு மார்ச்சில் தேர்தல் வருகிறது, நின்று பார்க்கலாமா என்று ஆசை. பெரிய இலட்சியம் எல்லாம் இல்லை. முதல் அசைன்மென்டுக்கு ஃபீட்பேக் வந்தபோது இரண்டாவதையும் கொடுத்து முடித்திருந்தேன், அதிலும் அதே தப்பு, அதே இடத்தில் மார்க் போச்சு. கோர்ஸ் ரெப் என்ற முறையில் இரண்டு மீட்டிங்கில் சொன்னேன், தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஊரில் காலேஜ் தேர்தலையே பார்த்ததில்லை, எச்ஓடி யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் கிளாஸ் ரெப். அப்புறம், ஸ்டூடன்ட் விசாவில் முழுநேர வேலை கூடாதே, இது சம்பளப் பதவி ஆயிற்றே?

பழைய_ஆபீசர்:
தம்பி, விசாவுக்காகப் பயப்பட வேண்டாம். வாரம் 20 மணி நேரக் கணக்கு இதற்கு இல்லை, சபாட்டிகல் ஆபீசருக்கு (தேர்தலில் ஜெயித்து யூனியனில் முழுநேரச் சம்பளப் பதவியில் இருப்பவருக்கு) விதியிலேயே விலக்கு இருக்கிறது, அதிகபட்சம் 2 ஆண்டு. (1994 கல்விச் சட்டமும் யூனியனின் சம்பளப் பதவியில் யாரும் மொத்தம் 2 ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது.) ஆனால் படிப்பு முடிந்த பிறகும் பதவியில் தொடர விசாவை நீட்டிக்க வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகம் ஸ்பான்சர் செய்ய வேண்டும், அதனால் நாமினேஷனுக்கு முன்பே இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டு பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தலைவலி வேறு. எங்கள் யூனியனில் பதவி ஜூலையில் தொடங்கியது, டிசர்டேஷன், அதாவது எம்எஸ்சியின் கடைசி ஆய்வேடு, கொடுக்க வேண்டியது செப்டம்பரில். பகலில் கமிட்டி, ராத்திரியில் டிசர்டேஷன் என்று இரண்டு மாதம் ஓட்டினேன், ஒரு நாள் செனட் (பல்கலைக்கழகத்தின் உயர்மட்டக் கல்விக் குழு) கூட்டத்திலேயே தூங்கி வழிந்தேன்.

மேனிஃபெஸ்டோவில் 'மாணவர் குரலாக இருப்பேன்' என்று எழுதாதீர்கள், நிற்கிறவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் எழுதுவார்கள். 'முந்தைய ஃபீட்பேக் கைக்கு வராமல் அடுத்த அசைன்மென்டுக்குக் கெடு வைக்கக்கூடாது' என்று எழுதுங்கள். அதையும் செனட்டில் எழுந்து பேசிச் சாதித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே வருவதற்குள் பாதி விஷயம் முடிவாகியிருக்கும். இதைப் பற்றிக் கூட்டத்தில் வைக்கும் முன்மொழிவை யார் எழுதுகிறார் என்று கண்டுபிடித்து, கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே அவரோடு ஒரு காபி குடியுங்கள்.

மழையில்_நனைந்தவன்:
நான் தோற்றவன், என் பேச்சையும் கேளுங்கள் ப்ரோ. நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களை மட்டும் நம்பினேன், முதல் சுற்றில் நான்தான் முன்னிலை. இங்கே வரிசை போட்டு ஓட்டுப் போடுவார்கள், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். மூன்றாம் சுற்றில் 40 ஓட்டில் போய்விட்டது, வெளியே ஒருத்தர்கூட என்னை இரண்டாவதாகப் போடவில்லை போல. யாராவது 'நான் என் ஃப்ரெண்டுக்குத்தான் போடுவேன்' என்றால் 'சரி, இரண்டாவதாக என்னைப் போடு' என்று கேளுங்கள், வெட்கமே வேண்டாம். லைப்ரரி வாசலில் ஃபிளாஸ்க்கில் டீயோடு நின்றால் நோட்டீஸைவிட நன்றாக வேலை செய்யும், நான் அட்டையில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் முதல் நாள் மழையிலேயே கூழாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை, யார் ஓட்டுப் போடும்போதும் அவர் போனை எட்டிப் பார்க்காதீர்கள், அதற்காகவே என் எதிர் வேட்பாளர் மேல் புகார் போனது.

கோவைப்பையன்:
நன்றி அண்ணா, நன்றி ப்ரோ. பட்டியலில் 'ஆர்ஓஎன்' என்று ஒரு பெயர் இருக்கிறதே, யார் அது?

பழைய_ஆபீசர்:
ஹாஹா, அது ஆள் இல்லை. 'நாமினேஷனை மறுபடி திற' என்று அர்த்தம், நம் நோட்டா மாதிரி. ஆனால் நோட்டாவுக்குப் பல் கிடையாது, இது ஜெயித்தால் தேர்தலையே திரும்ப நடத்துவார்கள். போட்டியில்லாமல் நின்றாலும் அதைத் தோற்கடித்தாக வேண்டும்.

கோவைப்பையன்:
சரி. இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு ஈமெயில் போட்டுவிட்டேன். ஃபிளாஸ்க் மட்டும் வாங்கணும்.