மேடையில் பியானோ காதைக் கூச வைக்கிறது, ஹேமரில் ஊசி போடலாமா?

ஒன்பதடி கிராண்ட். ஒத்திகை அறையில் நன்றாகத்தான் இருந்தது. அரங்கத்துக்கு வந்ததும் நடு சி-க்கு மேலே இரண்டு ஆக்டேவ் அழுத்தி வாசித்தால் தகரம் தட்டின மாதிரி இருக்கிறது. மெதுவாக வாசித்தால் தொல்லை இல்லை. மரத்தரை, பின்சுவர் வெறும் பூச்சு. ட்யூனிங் நேற்றுதான் முடிந்தது. நாளை மறுநாள் கச்சேரி. கம்பியை அடிக்கிற, ஃெல்ட் (அழுத்தின கம்பளி) போர்த்திய 88 ஹேமரையும் ஊசியால் குத்தி இளக்கிவிடக் கை துறுதுறுக்கிறது. எங்கே குத்த, எவ்வளவு?

பதில்:
கையைக் கட்டிக்கொள்ளுங்கள் சார். எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்? இருக்கைகள் மரமா, குஷனா?

கேட்டவர்:
காலி அரங்கில், கீபோர்டு முன்னால். இருக்கை மரம்.

பதில்:
அதுதான் சங்கதி. குஷன் இருந்தால் காலி அரங்கமும் ஓரளவு உறிஞ்சும். மர இருக்கையில் ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கூர்மை அடங்கும். உடம்பும் துணியும் மேல் ஸ்தாயியை நன்றாக விழுங்கும். இன்று உங்கள் காதுக்கு இதமாக்கினால் கச்சேரியன்று போர்வைக்குள்ளிருந்து கேட்கும். குத்தின ஃபெல்ட் பழையபடி திரும்பாது. முதலில் பின்சுவரிலிருந்து முன்னே தள்ளுங்கள், சுவரில் கனமான திரை போடுங்கள். வேறொருவரை வாசிக்கவைத்து நடு வரிசையிலும் கடைசி வரிசையிலும் கேளுங்கள்.

வேறொருவர்:
இதையும் பாருங்கள். கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பரைத் தூக்கிவிட்டு, ஹேமரைக் கம்பியில் லேசாக ஒட்டிப் பிடித்து, அது அடிக்கிற மூன்று கம்பியையும் தனித்தனியே சுண்டுங்கள். ஒன்று மட்டும் கணீரென்றால் ஹேமர் அதைத் தொடவில்லை. ஊசியால் அது தீராது. கம்பி மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஃபெல்ட்டில் கம்பித் தடம் ஆழமா? வடிவம் கெடாமல் உப்புத்தாளால் மெல்லிசாக இழையுங்கள். அதற்குப் பிறகும் உறுத்துகிற ஹேமருக்கு மட்டும் ஊசி. கம்பி படுகிற உச்சி 12 மணி என்றால், குத்து 10-லும் 2-லும் இருக்கிற தோள்களில், உள்ளே மரத்தைப் பார்த்து. பக்கத்துக்கு இரண்டு குத்து, திரும்ப வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்தது. பலமாக வாசிக்கையில் வரும் கடுமை அந்தத் தோளில்தான் இறங்கும். உச்சியைத் தொடவேண்டாம்.

கேட்டவர்:
ஏழு ஹேமர் ஒரு கம்பியை விட்டுத்தான் அடித்திருக்கிறது! மட்டம் பார்த்து, திரையும் போட்டதில் பாதி போச்சு. பதினொரு ஹேமருக்கு மட்டும் ஊசி. கடைசி வரிசையில் இன்னும் கொஞ்சம் பளிச்.

பதில்:
அந்தக் கொஞ்சத்தை விட்டுவையுங்கள், ஆள் நிறைந்ததும் தேவைப்படும். இடது பெடலை மிதித்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹேமர் நகர்ந்து தடமில்லாத ஃபெல்ட்டில் படும். அந்தப் பதினொன்று மட்டும் அங்கே தனியாகத் தெரியக்கூடாது.