புது டிசைனுக்கு மாறியபின் கூகுளில் காணாமல் போன பம்புசெட் தளம்: முதலில் எதைப் பார்ப்பது?

கோவை_பம்புசெட் கேட்டது:

வணக்கம். மோனோபிளாக், ஓப்பன்வெல், போர்வெல் சப்மெர்சிபிள் என்று 140 மாடல் உள்ள தளம் எங்களுடையது. இரண்டு மாதம் முன்பு பழைய பிஹெச்பி தளத்தை எடுத்துவிட்டு வேர்ட்பிரஸுக்கு மாறினோம். டொமைன் அதேதான். மாறிய மூன்றாவது வாரத்திலிருந்து கூகுள் வழியாக வரும் விசாரணை பாதிக்கும் கீழே. கடைப் பெயரைப் போட்டால் வருகிறது. "1 ஹெச்பி போர் மோட்டார் விலை" மாதிரித் தேடலில் முன்பு முதல் பக்கத்தில் இருந்தோம், இப்போது காணோம்.

எஸ்இஓ (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்பவர்கள் கொடுத்த திட்டம் இது: மாதம் 200 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு), பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று 40 ஊருக்குத் தனித்தனிப் பக்கம், தினம் ஒரு ஏஐ கட்டுரை. 12 ஊர்ப் பக்கம் ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்கிறேன். இது சரியான வழிதானா? வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?

---

தேடுபொறி_கொத்தனார் பதில்:

கையெழுத்தை நிறுத்தி வையுங்கள் சார். தளம் மாறிய மூன்று வாரத்தில் விழுந்தது என்றால் மாற்றத்தில்தான் ஓட்டை இருக்கும். குழாய் உடைந்திருக்கும்போது தொட்டிக்கு லாரித் தண்ணீர் விட்டுப் பயனில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று. போர் மோட்டார் தேடல் கோடையில் ஏறும், மழை பிடித்தால் இறங்கும். அதனால் சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் கருவி) போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கும். போன வருடம் இதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். சராசரி இடம் அப்படியே இருந்து இம்ப்ரெஷன் (தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது) மட்டும் குறைந்திருந்தால் அது சீசன். இடமே சரிந்திருந்தால், அல்லது பழைய பக்கங்களின் கிளிக் பூஜ்யமாகி புதுப் பக்கங்கள் அந்த இடத்துக்கு வராமல் இருந்தால், கோளாறு தளத்தில்.

பிறகு ஐந்து நிமிட வேலை. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்யவேண்டாம் (தேடல் பட்டியலில் சேர்க்கவேண்டாம்) என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறப்பது இந்தத் தொழிலின் தேசியத் தவறு. உங்கள் பெயர் தேடலில் வருவதால் முழுத் தளத்துக்கும் அது இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் எஸ்இஓ பிளக்இன்னில் புராடக்ட் வகைக்கு மட்டும் நோஇன்டெக்ஸ் (இன்டெக்ஸ் செய்யாதே என்ற குறிப்பு) விழுந்திருக்கலாம். ஒரு மாடல் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பாருங்கள். நோஇன்டெக்ஸ் போட்ட பக்கத்தை ரோபோட்ஸ் ஃபைலிலும் (தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ஃபைல்) தடுத்து வைக்காதீர்கள். கூகுள் உள்ளே வந்து படித்தால்தான் நோஇன்டெக்ஸ் என்பதே அதற்குத் தெரியும்.

அடுத்தது கேனானிகல், அதாவது ஒரே மாதிரிப் பக்கங்களில் எது மூலப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு. தீமில் யாரோ எல்லாப் பக்கத்துக்கும் முகப்புப் பக்கத்தையே கேனானிகலாக எழுதி வைத்திருப்பார்கள். 140 மாடலும் "நான் முகப்புப் பக்கத்தின் நகல்" என்று தானே சொல்லிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான சந்தேகம்: ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு அனுப்புவது. பழைய பிஹெச்பி தளத்தில் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஐடி எண் வந்ததா? அப்படியானால் இது படியுங்கள். ஹெச்டிஆக்சஸ் ஃபைலில் (சர்வருக்கான விதிகள் உள்ள ஃபைல்) சாதாரண "ரீடைரக்ட் 301" (301 என்றால் நிரந்தர மாற்றம்) வரி கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பாதையை மட்டும்தான் பார்க்கும். பின்னால் உள்ள ஐடி அதன் கண்ணுக்கே தெரியாது. 140 வரி எழுதியிருந்தாலும் ஒன்றும் வேலை செய்யாது. ரீரைட் கண்டிஷனில் குவெரி ஸ்ட்ரிங்கை (கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை) சோதித்துத்தான் அனுப்ப வேண்டும். அதில் மூன்று இடம் வழுக்கும்:

– தொடக்கக் குறியும் (^) முடிவுக் குறியும் ($) போடாமல் எழுதினால் ஐடி 1-க்கான விதி 14, 140 எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.
– பழைய குவெரியை உதறும் கொடியைச் சேர்க்காவிட்டால் புது முகவரியின் வாலில் பழைய ஐடி தொங்கும்.
– இந்த விதிகள் வேர்ட்பிரஸ் தானாக எழுதிய பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் முறை வருவதற்குள் வேர்ட்பிரஸ் கோரிக்கையை வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் ரீடைரக்ட் பிளக்இன்னில் குவெரியையும் சேர்த்துப் பொருத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்தலாம்.

பழைய முகவரிப் பட்டியலுக்குச் சர்ச் கன்சோலில் பேஜஸ் தாவலை ஏற்றுமதி செய்யுங்கள். 1000 வரி வரை தரும், உங்களுக்குப் போதும். லிங்க்ஸ் அறிக்கையில் வெளித் தளங்கள் இணைத்திருக்கும் பக்கங்களையும் சேருங்கள். ஒவ்வொரு பழைய மாடலும் அதே புது மாடலுக்குப் போகவேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளினால் கூகுள் அதைச் சாஃப்ட் 404 (பக்கமே இல்லை என்பதற்குச் சமம்) என்றுதான் எடுத்துக்கொள்ளும். நிறுத்திவிட்ட மாடல் என்றால் அதற்குப் பதிலான மாடலுக்கு அனுப்புங்கள்; பதிலே இல்லையென்றால் 404 வருவதில் தவறில்லை. பழைய முகவரி, பிறகு ஹெச்டிடிபிஎஸ், பிறகு டபிள்யூடபிள்யூடபிள்யூ, பிறகு புது முகவரி என்று படிப்படியாகத் தாவ விடாமல் ஒரே தாவலில் முடியுங்கள். குறைந்தது ஒரு வருடம் அந்த விதிகளை எடுக்காதீர்கள்.

---

வலைத்தறி பதில்:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மாடல் பக்கங்களைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

1. விலைப்பட்டியல், ஹெட் (தண்ணீர் ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (தண்ணீர் தள்ளும் அளவு) அட்டவணை எல்லாம் படமாகப் போட்டிருக்கிறீர்களா? பம்புத் தளங்களில் பத்துக்கு எட்டு அப்படித்தான் கண்ணில் படுகிறது. ஹெச்பி, சிங்கிள் பேஸ் அல்லது த்ரீ பேஸ், ஸ்டேஜ், போர் அளவு 4 இஞ்சா 6 இஞ்சா, டெலிவரி சைஸ், எத்தனை அடி ஹெட்டில் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை எழுத்தாக ஒரு அட்டவணையில் போடுங்கள். வாங்குகிறவர் தேடுவதே "300 அடி போருக்கு எத்தனை ஹெச்பி" என்றுதான்.

2. ஒரே சீரிஸில் 10 ஸ்டேஜ், 12 ஸ்டேஜ், 15 ஸ்டேஜுக்குத் தனித்தனிப் பக்கம் போட்டு, எண்ணை மட்டும் மாற்றி அதே பத்தியை ஒட்டியிருந்தால் சர்ச் கன்சோலில் "கிரால் ஆனது, இன்னும் இன்டெக்ஸ் ஆகவில்லை" என்ற தலைப்பில் (கூகுள் வந்து படித்தது, ஆனால் பட்டியலில் சேர்க்கவில்லை) குவிந்து கிடக்கும். சீரிஸுக்கு ஒரு பக்கம் வைத்து, அட்டவணையில் எல்லா மாடல் எண்ணையும் கொடுப்பது என் கட்சி. மாடல் எண்ணைப் போட்டு ஸ்பேர் தேடுகிறவருக்கும் அதே பக்கம் வரும். இணைத்த பக்கங்களை 301 மூலம் அந்தச் சீரிஸ் பக்கத்துக்கு அனுப்ப மறக்கவேண்டாம்.

3. தலைப்பில் கடைக்காரர் மொழி வேண்டாம். விவசாயி "சப்மெர்சிபிள் பம்ப்செட் சொல்யூஷன்ஸ்" என்று தேடமாட்டார். "போர் மோட்டார்" என்றுதான் அடிப்பார். "1 ஹெச்பி போர் மோட்டார் (4 இஞ்ச்), விலை, ஹெட் அட்டவணை" என்று இருந்தால் போதும். அதற்குமேல் "பெஸ்ட், சீப், நம்பர் ஒன், கோயம்புத்தூர்" என்று திணித்தால் கூகுளே தலைப்பை மாற்றி எழுதிக்கொள்ளும். மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கில் நேரம் செலவழிக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

4. தமிழ்ப் பக்கம் இருக்கிறதா? பழைய தளத்தில் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்திருந்தால், திரையில்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறிக்கு அது எந்த மொழியும் இல்லை. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்றவேண்டும்.

தமிழ் முகவரியில் இன்னொரு பொறி. வேர்ட்பிரஸ் ஸ்லக்கை (முகவரியின் கடைசியில் வரும் பக்கப் பெயரை) குறியீடாக்கி, அதிகபட்சம் 200 குறிகள் வரைதான் சேமிக்கும். ஒரு தமிழ்க் குறியீடு அங்கே 9 குறிகளாக விரியும். ஆக 22 குறியீட்டோடு தீர்ந்தது. "கு" என்பதே "க"வும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு பக்கங்கள் வெட்டுப்பட்டபின் ஒரே ஸ்லக் ஆகி, இரண்டாவதின் வாலில் எண் ஒட்டிக்கொள்ளும். உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், ஸ்லக்கை மட்டும் கையால் சுருக்கி எழுதுங்கள்.

மொழி மாற்றும் பொத்தானை குக்கி வைத்து அதே முகவரியில் மாற்றாதீர்கள். தமிழுக்குத் தனி முகவரி வேண்டும். ஹெச்ரெஃப்லாங் (அதே பக்கத்தின் வேறு மொழி வடிவம் எது என்று சொல்லும் குறிப்பு) போட்டால் தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைக் காட்டவேண்டும், ஆங்கிலமும் திரும்பத் தமிழைக் காட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் அது கணக்கில் வராது.

---

கோவை_பம்புசெட்:

இருவருக்கும் நன்றி சார். பார்த்துவிட்டேன். ஐடி எண் வரும் முகவரிகள்தான். ரீடைரக்ட் வரிகள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் சோதித்த எல்லாமே 404. ஹெட் அட்டவணை முழுக்கப் படம். நோஇன்டெக்ஸ் இல்லை.

ஊர்ப் பக்கங்கள் 12-ஐ என்ன செய்வது? இன்னொன்று, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (கூகுள் மேப்பில் வரும் கடை விவரம்) கடைப் பெயரோடு "போர் மோட்டார் டீலர் கோயம்புத்தூர்" சேர்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

---

சாவிக்கொத்து பதில்:

பெயரில் சேர்க்காதீர்கள். போர்டிலும் பில்லிலும் உள்ள பெயர்தான் புரொஃபைலிலும் இருக்கவேண்டும். கூட்டி எழுதினால் போட்டிக்கடைக்காரர் ஒருவர் திருத்தம் பரிந்துரைத்தாலே போதும், புரொஃபைல் முடங்கும் அளவுக்கும் போகலாம். சேர்க்க நினைக்கிற சொற்களுக்கான இடம் கேட்டகரி. முதன்மை ஒன்று, கூடுதலாக 9 வரை போடலாம். ஆனால் உண்மையில் செய்யும் தொழிலுக்கு மட்டும். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்பதும், திருப்தியானவரை மட்டும் பொறுக்கி ரிவ்யூ கேட்பதும் விதிமீறல்.

அப்படியே தீமுக்குள் யாராவது 4.9 நட்சத்திரத்தை ஸ்கீமாவாக (தேடுபொறி படிப்பதற்கான குறிப்பாக) எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ரேட்டிங்கை ஸ்கீமாவில் போட்டால் மேனுவல் ஆக்ஷன் (கூகுள் ஊழியர் பார்த்துப் போடும் தண்டனை) வரலாம். உங்களைப் பற்றி உங்கள் தளத்திலேயே உள்ள ரிவ்யூவுக்கு, கடை என்ற வகையில் கூகுள் நட்சத்திரம் காட்டுவதை 2019-லேயே நிறுத்திவிட்டது. புராடக்ட் ஸ்கீமாவில் உண்மையான விலையைப் போடுங்கள், அது போதும்.

ஊர்ப் பக்கங்கள்: பெயரை மட்டும் மாற்றிய 12 பக்கம் என்றால் அதற்கு வாசல் பக்கம் என்று பெயர், கூகுளின் ஸ்பேம் கொள்கையில் நேரடியாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் நீக்குங்கள்.

தினம் ஒரு ஏஐ கட்டுரையும் அதே கதைதான். 2024 மார்ச்சில் வந்த கொள்கை, ஏஐ எழுதியதா மனிதர் எழுதியதா என்று கேட்பதில்லை. தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்ததா என்று கேட்கிறது. மாதம் 200 லிங்க் என்றால் காசுக்கு வாங்குவது, அல்லது யாரும் படிக்காத டைரக்டரியில் ஏற்றுவது. கணக்கில் எடுக்காமல் விட்டால் பணம் போச்சு, கணக்கில் எடுத்தால் தளம் போச்சு. உங்கள் டீலர்கள், உதிரிபாக சப்ளையர்களின் தளத்தில் உங்கள் பெயர் இணைப்பாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பத்து வந்தாலும் அது நிஜம்.

---

தேடுபொறி_கொத்தனார்:

சாவிக்கொத்து சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். 12-ல் எந்த ஊரிலாவது உங்கள் சர்வீஸ் மெக்கானிக்கோ ஸ்டாக் உள்ள கடையோ இருந்தால் அந்தப் பக்கத்தை நீக்கவேண்டாம். முகவரி, நேரம், அங்கே இருப்பில் உள்ள மாடல், ரீவைண்டிங் செய்யப்படுமா, அந்தப் பக்கத்து போர் ஆழத்துக்குப் பொருந்தும் சீரிஸ் என்று எழுதினால் அது வாசல் பக்கம் இல்லை, கிளைப் பக்கம். மற்றவற்றை 404 அல்லது 410 (நிரந்தரமாக நீக்கியது) ஆக விடுங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முகப்புக்கு ரீடைரக்ட் செய்யாதீர்கள்.

---

சாவிக்கொத்து:

சரி, கிளை நிஜமாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது என்று நினைக்கிறேன்.

---

வலைத்தறி:

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். இன்றைக்கு ரீடைரக்ட். சரிசெய்ததும் பத்துப் பழைய முகவரியை எடுத்து ஹெட்டரை (சர்வர் தரும் பதில் எண்ணை) சோதியுங்கள்: ஒரே ஒரு 301, அடுத்து 200 (பக்கம் சரியாகத் திறந்தது). பிறகு புது முகவரிகள் மட்டும் உள்ள சைட்மேப்பை (பக்கங்களின் பட்டியல் ஃபைல்) சர்ச் கன்சோலில் கொடுங்கள். அதில் பிரையாரிட்டி, சேஞ்ச் ஃப்ரீக்வென்சி இரண்டையும் கூகுள் கண்டுகொள்வதில்லை. திருத்திய தேதியைப் பார்க்கும், அதுவும் உண்மையாக இருந்தால்தான். அதிகம் விற்கும் பத்து மாடலை யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் லைவ் டெஸ்ட் செய்து, கூகுள் கண்ணுக்கு அட்டவணை தெரிகிறதா என்று ஹெச்டிஎம்எல்லில் தேடிப் பாருங்கள். மொபைல் பக்கத்தில் இடம் அடைக்கிறது என்று அட்டவணையை எடுத்துவிடாதீர்கள். கூகுள் இன்டெக்ஸ் செய்வது மொபைல் பக்கத்தைத்தான். வேகத்தில் எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி திரையில் தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், மதிப்பெண்ணை 100 ஆக்க அலையவேண்டாம். முகப்பில் ஓடும் பெரிய ஸ்லைடர் படங்கள்தான் வழக்கமாக அதைக் கெடுக்கும்.

சில வாரத்தில் பழைய முகவரிகளின் இம்ப்ரெஷன் புதியவற்றுக்கு நகர்வதைப் பார்க்கலாம். தினமும் பார்த்து எதையாவது மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

கடைசியாக, சர்ச் கன்சோல் யார் பெயரில் இருக்கிறது? டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) வழியாக நீங்களே ஓனராக உறுதிசெய்து, வெளியாளுக்கு யூசர் அனுமதி மட்டும் கொடுங்கள். பிசினஸ் புரொஃபைலிலும் பிரைமரி ஓனர் நீங்கள், அவர்கள் மேனேஜர்.

---

கோவை_பம்புசெட்:

பிரைமரி ஓனர் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது சார். இன்றே மாற்றச் சொல்லிவிட்டேன். ரீடைரக்ட் விதியை டெவலப்பருக்கு இந்த இழையோடு அனுப்பியிருக்கிறேன், சோதித்த ஹெட்டரை நாளை இங்கே போடுகிறேன்.