சங்கக் காசும் என் கைக்காசும் கலந்து கிடக்கிறது, எப்படிப் பிரிப்பது?

வயலின்_பிறை:

வணக்கம். பினாங்கில், பிறையில் இருக்கிறேன். கல்யாணம், கோயில் விழா, எப்போதாவது ஒலிப்பதிவு என்று வயலின் வாசித்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். நண்பர்கள் சேர்ந்து பதிவு செய்த சின்ன இசைச் சங்கம் ஒன்றுக்கு நான்தான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் 14 பிள்ளைகளுக்கு வகுப்பு. மாதம் 20 வெள்ளி (ரிங்கிட்), முடியாதவர்களிடம் கேட்பதில்லை.

போன வருடம் நடுவில் பொருளாளர் வேலைக்காக சிங்கப்பூர் போய்விட்டார். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். அதனால் பிள்ளைகளுக்கு மூன்று சின்ன வயலின், தந்தி, வில்லுக்கு முடி மாற்றியது எல்லாம் என் காசில். பெற்றோரும் வசதிக்காக கைப்பேசியில் பணம் அனுப்பும் என் சொந்த டூயிட்நவ் எண்ணுக்கே கட்டணத்தைப் போட்டார்கள். மார்ச் 30 ஆண்டுக் கூட்டத்தில் புதுப் பொருளாளரைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் கணக்காய்வாளர், "எது உங்கள் காசு, எது சங்கக் காசு என்று காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 60 நாள் கெடு, மே 29-க்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும்.

அதே வாரம் கோலாலம்பூரில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும் ஒலிப்பதிவுக்காரர்களும் கூடும் சந்திப்பு. பத்து நிமிடம் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். ரயில், தங்கல் சேர்ந்தால் 300 வெள்ளி தாண்டும். ஒரு நிறுவனம் தீபாவளி நிகழ்ச்சிக்குத் தர வேண்டிய 1,800 வெள்ளி இன்னும் வரவில்லை. போவதா, இருந்து கணக்கை முடிப்பதா?

கிள்ளான்_கணக்கர்:

தங்கச்சி, முதலில் உங்கள் வங்கி அறிக்கையை 12 மாதத்துக்கும் அச்செடுங்கள். பெற்றோர் போட்டது ஒரு நிறம், சங்கத்துக்காக நீங்கள் செலவழித்தது வேறு நிறம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: இரண்டையும் கழித்து ஒரே தொகையாகக் காட்டாதீர்கள். பெற்றோர் தந்தது முழுக்க சங்கத்தின் வரவு. நீங்கள் வாங்கியது சங்கத்தின் செலவு, உங்களுக்குச் சங்கம் தர வேண்டிய கடன். இரண்டும் தனித்தனி வரியாக நிற்க வேண்டும். செயற்குழு கூடி அந்தக் கடனை ஏற்பதாகக் கூட்டக் குறிப்பில் எழுதட்டும். அந்த முடிவில் நீங்கள் வாக்களிக்க வேண்டாம். வங்கியில் கையெழுத்து மாற்றவும் கூட்டக் குறிப்பு கேட்பார்கள், அதையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

ரசீதுகளை இன்றைக்கே நகல் எடுங்கள். கடை ரசீதில் மை ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

வருமான வரிக்குப் பி பாரம் போடுவீர்கள்தானே? பிள்ளைகளின் கட்டணம் உங்கள் வருமானம் இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் விழுந்திருப்பதால் ஆதாரத்தை 7 வருடம் வைத்திருங்கள்.

ஒலிக்கூடம்_பிரிக்பீல்ட்ஸ்:

அக்கா, வாங்க. இந்தச் சந்திப்புகளுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். பெயர் அட்டை கொடுத்ததால் எனக்கு ஒரு வேலையும் வந்ததில்லை. வாசித்துக் கேட்டவர்கள்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கிடைப்பது பெரிய விஷயம். சொந்த மெட்டையே வாசியுங்கள். இசையமைப்பாளர்களுக்கு உரிமத்தொகை வசூலித்துத் தரும் அமைப்பில் அந்த மெட்டுகளைப் பதிந்தீர்களா? வானொலியில் போனால் உரிமத்தொகை அந்த வழியாகத்தான் வரும்.

அந்த 1,800-க்கு, தேதி குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக நீங்களே போடலாம். 5,000 வெள்ளிக்குள்தானே, வழக்கறிஞர் வேண்டாம். இனிமேல் பாதிக் காசு முன்பணமாக வாங்காமல் வயலின் பெட்டியைத் திறக்காதீர்கள்.

வயலின்_பிறை:

அண்ணே, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு பிஸ்கட் டின்னைக் கொட்டி எல்லா ரசீதையும் தரையில் பரப்பினேன். அண்ணன் சொன்ன மாதிரியே, வயலின் வாங்கிய ரசீது வெள்ளைத் தாளாகவே கிடந்தது. சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தது. ஜார்ஜ்டவுன் கடைக்காரர் பழைய பில் புத்தகத்தைப் புரட்டி நகல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

பெற்றோரிடமிருந்து வந்தது 1,420 வெள்ளி. நான் செலவழித்தது 2,310. கழிக்கவில்லை, தனித்தனியாகவே எழுதிவிட்டேன். 1,420-ஐ சங்கக் கணக்கில் போட்டாயிற்று. அதனால் இந்த மாதம் என் கை வறண்டுதான் இருக்கிறது, ஆனாலும் சரி. சனிக்கிழமை செயற்குழு. பெற்றோருக்குச் சங்கக் கணக்கு எண்ணை அனுப்பிவிட்டேன்.

உரிமத்தொகை அமைப்பில் மெட்டுகளைப் பதியவில்லை. என் மெட்டு ஒன்று மின்னல் எஃப்எம்மில் இரண்டு முறை போனது. எனக்கு இது தெரியாமல் போயிற்றே. இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். கோலாலம்பூருக்கு இரவு பஸ்ஸில் வருகிறேன், தங்க அக்கா வீடு ராவாங்கில் இருக்கிறது. தம்பி, அங்கே வயலினுக்கு நல்ல மைக் இருக்குமா, இல்லை நான் வயலினில் பொருத்தும் பிக்கப் கொண்டு வரட்டுமா?