ஐசியூவில் மாவோரி (நியூசிலாந்துப் பூர்வகுடி), அபோரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வகுடி) நோயாளிகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஆக்லாந்திலிருந்து:

இங்கே வேலைக்கு வரும் நம் ஊர் நர்ஸ்கள் முதலில் கேட்பது, "மாவோரி நோயாளியிடம் என்னென்ன செய்யக்கூடாது, லிஸ்ட் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. தலை அவர்களுக்குப் புனிதம், 'தபு'. தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு வைப்பதில்லை. யூரின் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைப்பதில்லை. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் அவசரத்தில் கைக்குக் கிடைத்த தலையணையைச் செருகுவோமே, அங்கேதான் கவனம் தேவை. தலையணை மேல் உட்கார்ந்தால் நம் வீட்டுப் பாட்டியும் திட்டுவார் என்பதால் இது நமக்குச் சுலபமாகப் புரியும்.

ஆனால் லிஸ்ட் பாதி வழிதான் வரும். செப்சிஸ் என்ற கடும் தொற்றுப் பாதிப்பு வந்து வென்டிலேட்டரில் இருந்த ஒரு பெரியவர் கழுத்தில் பொவுனமு, அதாவது பச்சைக்கல் பதக்கம். கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாய், போட அதை எடுத்தாக வேண்டும். மகளிடம் கேட்டோம். அவரே அவிழ்த்து அப்பாவின் இடது மணிக்கட்டில் சுற்றி, "இங்கே டேப் ஒட்டுங்க, உடம்பை விட்டுப் போகக்கூடாது" என்றார். ரத்த அழுத்தம் பார்க்கத் தமனியில் போடும் ஆர்ட்டீரியல் லைன் வலது கையில் இருந்ததால் சிக்கலில்லை. அப்புறம் கராகியா, அவர்கள் பிரார்த்தனை. கையுறை போட்ட டாக்டர் அது முடியும்வரை நின்றார். இன்னொரு குடும்பத்திடம் இதையே கேட்டதற்கு, "டிராயரில் வையுங்க, தொலையாமல் இருந்தால் சரி" என்றார்கள்.

லிஸ்ட்டோடு நிற்காமல் நோயாளியிடமே கேட்கும் இந்தச் சிந்தனைக்கு 'கல்ச்சுரல் சேஃப்டி', அதாவது பண்பாட்டுப் பாதுகாப்பு, என்று பெயர். இதை வளர்த்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ். 1992இல் நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் இதை நர்சிங் படிப்பில் சேர்த்த பிறகு பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் நோயாளி. நர்ஸ் தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. சண்டைக்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து (ஆஸ்திரேலியா):

மயக்க மருந்தைக் குறைத்து எழுப்பும்போது பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவோம் இல்லையா? ஒரு பெண்மணி விஷயத்தில் அது கூடாது என்று அபோரிஜினல் தொடர்பு அலுவலர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதே பெயருள்ள உறவினர் அண்மையில் இறந்திருந்தார். துக்கக் காலத்தில் அந்தப் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயரில் உயிரோடு இருப்பவரையும் 'குமன்ஜாயி' என்ற மாற்றுப் பெயரால்தான் அழைப்பார்கள். கட்டிலருகே இருந்த போர்டில் பெயரை அழித்தோம். மருந்து கொடுக்கும்முன் கைப்பட்டையில் பெயரைக் கண்ணால் சரிபார்த்து, எண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் வாய்விட்டுப் படித்தோம்.

இன்னொன்று, எதைக் கேட்டாலும் "ம், சரி" என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். மௌனத்தை நிரப்ப நாம்தான் பறக்கிறோம்.

வெலிங்டனிலிருந்து:

சிஸ்டர், உறவினர் இருபது பேர் வந்து நின்றால் என்ன செய்வது?

ஆக்லாந்திலிருந்து:

யார் பேசுவார் என்று அவர்களிடமே கேளுங்கள், ஒருவரைச் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பெரிய அறை பிடித்துக் கொடுங்கள். நோயாளி இறந்துவிட்டால் உடலைத் தனியே விடமாட்டார்கள். குளிப்பாட்டும்போதும் உடன் நிற்பார்கள். கொரோனர் (மரணக் காரணத்தை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக்குப் போக வேண்டிய மரணம் என்றால் அதை உடனே சொல்லிவிடுங்கள். மாவோரிகள் கூடி அஞ்சலி செலுத்தும் இடமான மராயேவில் ஊரே காத்திருக்கும், உடல் எப்போது கிடைக்கும் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.