பெரியப்பாவின் டூடுல்-ஊ

பெரியப்பா: சரிப்பா, நான் படுக்கப் போகிறேன். டூடுல்-ஊ!

அண்ணா: என்ன பெரியப்பா, ரயில் ஊதுகிற மாதிரி?

பெரியப்பா: ஆங்கிலத்தில் விடைபெறுவதற்கு அப்படி ஒரு சொல் இருக்கிறது. வேண்டுமானால் அகராதியைப் பார்.

நான்: இருக்கிறது பெரியப்பா. ஆனால் அது 1900களின் தொடக்கத்து பிரிட்டிஷ் பேச்சு. இப்போது சொன்னால் விளையாட்டுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். டூடுல்-பிப் என்று இன்னொரு விடைபெறும் சொல் உண்டு, அதுவும் அப்படித்தான்.

சித்தி: என் கூத்தைக் கேளுங்கள். புது வேலை, முதல் வாரம். சாயங்காலம் கிளம்பும்போது ஆபீஸ் குழுவில் 'ஃபேர்வெல் ஆல்' என்று போட்டுவிட்டேன். வாசலைத் தாண்டவில்லை, மேலாளர் போன் பண்ணிவிட்டார். "என்னம்மா, யாராவது ஏதாவது சொன்னார்களா? ஏன் வேலையை விடுகிறீர்கள்?"

அண்ணா: ஹாஹா! அங்கேயே பிரிவு உபசார விழா நடத்தியிருப்பார்கள்.

நான்: பாவம் சித்தி. சொல்லுக்கு நேர்ப்பொருள் 'நல்லபடியாகப் போய்ச் சேர்' என்பதுதான். ஆனால் காதில் விழும்போது 'இனி பார்க்கவே மாட்டோம்' என்று கேட்கும்.

அண்ணா: காட்ஸ்பீட்? நண்பன் புது பைக்கில் கிளம்பினான், வேகமாகப் போடா என்று நினைத்து அனுப்பினேன்.

நான்: அந்த ஸ்பீட் வேகம் இல்லை, காரியம் கைகூடுவது. 1962-ல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் விண்வெளிக்குக் கிளம்பியபோது, சக வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் அவருக்குச் சொன்ன சொல் அது. பைக்குக்குக் கொஞ்சம் ஓவர்.

பெரியப்பா: அப்போ குட்பைதான் உத்தமமா?

நான்: அதுவும் 'கடவுள் உங்களோடு இருக்கட்டும்' என்ற வாக்கியம் தேய்ந்து வந்ததுதான். ஆனால் முழுசாக, அழுத்திச் சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 'பை', 'சீ யூ', 'டேக் கேர்' போதும்.

அண்ணா: நான் ஒரு வெள்ளைக்காரரிடம் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றேன். அந்த மனுஷன் அங்கேயே நின்றுகொண்டு, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார்.

சித்தி: போயிட்டு வரேன் என்பதை அப்படியே தூக்கிப் போட்டால் வேறென்ன ஆகும்!

பெரியப்பா: சரி, சீ யூ லேட்டர், அலிகேட்டர்.

சித்தி: இதற்குப் பதில் ஏதாவது சொல்லணுமா?

நான்: 'இன் எ வைல், குரோக்கடைல்' சித்தி. குழந்தைகளிடமும் நெருங்கினவர்களிடமும் மட்டும். மேலாளரிடம் வேண்டாம்!

பெரியப்பா: அதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும். போய்த் தூங்குங்கள். டூடுல்-ஊ.