பொருள்: தேடல் டிராஃபிக்கில் ‘ஸ்பைக்’ – தமிழில் என்ன?

வணக்கம்.
பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றிய பக்கங்களுக்குக் கூகுள் வழியாக வருவோர் எண்ணிக்கை மாதக்கணக்கில் தரையோடு கிடக்கும். ஒரு நாள் மட்டும் பத்து மடங்காகும். மறுநாளே பழையபடி இறங்கிவிடும். இந்த ‘ஸ்பைக்’குக்குச் சொல் வேண்டும். டிராஃபிக்கைப் ‘போக்குவரத்து’ என்றால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்கிறோமே, ‘வரத்து’ போதும். ஸ்பைக்குக்கு உச்சம், எகிறல், பெருக்கு மூன்றும் கைவசம் உள்ளன.

———

‘வரத்து’ சரி. ‘உச்சம்’ ஆண்டின் மிக உயர்ந்த புள்ளிக்குத் தேவைப்படும், அதை விட்டுவிடலாம். விலை எகிறினால் இறங்க வேண்டிய கட்டாயமில்லை, ஆகவே ‘எகிறல்’ முழுப் பொருளைத் தராது.

‘பெருக்கு’ நாள்கணக்கில் நீள்வதற்குப் பொருந்தும். அமெரிக்காவின் டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசை ஆகஸ்டில் நாளுக்கு ஒரு நடிகர் என்று வைத்துக்கொண்டு, 24 மணி நேரமும் அவர் படங்களையே போடும். தளம் முழுமைக்கும் அது ஒரு மாதப் பெருக்கு. அந்தந்த நடிகரின் பக்கத்துக்கோ ஒரே நாள் ஸ்பைக். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கணக்கு குழம்பும்.

என் பரிந்துரை: துள்ளல். எழும்பியது விழுந்தே ஆகும்.

———

> என் பரிந்துரை: துள்ளல்

கலிப்பாவுக்கு உரியது துள்ளல் ஓசை. சினிமாப் பக்கம் போனால் துள்ளல் இசை. படங்களைப் பற்றிய கட்டுரையில் ‘துள்ளல்’ என்றால் பாட்டைச் சொல்கிறோம் என்றுதான் வாசகர் நினைப்பார். ‘திடீர் உயர்வு’ என்று நேராகச் சொன்னால் என்ன?

———

ஐயா, முன்னால் ‘தேடல்’ நின்றால் அந்தக் குழப்பம் வராது. ‘திடீர் உயர்வு’ விளக்கமாக நிற்கிறது, சொல்லாக நிற்கவில்லை. ‘இரட்டைத் திடீர் உயர்வு’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

இரட்டை நமக்குக் கட்டாயம் வேண்டும். பழைய குற்றப் படங்களைப் போடும் அதே அலைவரிசையின் ‘நுவார் ஆலி’ நிகழ்ச்சியில் ஒரே படம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி சனி நள்ளிரவிலும் ஞாயிறு காலை 10 மணிக்கும் வரும். தேடல் வரத்தைத் தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியின் தினசரி அறிக்கை பசிபிக் நேரப்படி நாளைப் பிரிக்கிறது; அங்கே அவை சனி இரவு 9, ஞாயிறு காலை 7. ஆக, இரு தேதிகளில் இரு துள்ளல். நம் தளத்தின் சர்வரே வைக்கும் வருகைப் பதிவு இந்திய நேரத்தில் இருந்தால், கோடையில் ஞாயிறு காலை 9.30, இரவு 7.30, இரண்டும் ஒரே தேதியில் விழுந்து ஒற்றைத் துள்ளலாகிவிடும். இரண்டு அறிக்கையும் பொருந்தவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

———

‘தேடல் துள்ளல்’ எனக்குச் சம்மதம். வரையறையும் சேர்த்தே போடுவோம்: முந்தைய 8 வாரங்களின் அதே கிழமைச் சொடுக்குகளின் (கிளிக்) இடைநிலை அளவைப் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) போல் 3 மடங்கு, குறைந்தது 30 சொடுக்கு. சராசரியை எடுத்தால் பழைய துள்ளல் ஒன்றே அதைத் தூக்கிவிடும். கீழ் வரம்பு இல்லாவிட்டால் 2 சொடுக்கு 6 ஆனதும் துள்ளலாகிவிடும்.

தோற்ற எண்ணிக்கை (தேடல் முடிவுகளில் பக்கம் தென்பட்ட தடவைகள்) ஏறிச் சொடுக்கு அசையாமல் இருந்தால் அது ‘வெற்றுத் துள்ளல்’. தேடல் முடிவுகளில் தளம் எத்தனையாவதாக வருகிறது என்று தானாகத் தேடிப் பார்க்கும் தரவரிசைக் கருவிகள் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்தக் கருவிகள் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்டு வாங்கிய வழியை 2025 செப்டம்பரில் கூகுள் அடைத்ததும், பல தளங்களில் தோற்ற எண்ணிக்கை சரிந்தது நினைவிருக்கும். (இதைக் ‘காட்சி எண்ணிக்கை’ என்று எழுதாதீர்கள், சினிமாத் தளத்தில் மாலைக் காட்சியா என்பார்கள்.)

துள்ளலின் காரணம் தேட, முதலில் சர்ச் கன்சோல் அறிக்கையை அந்தப் பக்கத்துக்கு மட்டும் வடிகட்ட வேண்டும். தேடுசொல்லால் வடிகட்டினால், தனியுரிமைக்காக மறைக்கப்படும் அரிய தேடுசொற்களின் சொடுக்குகள் கணக்கிலிருந்தே போய்விடும். பிறகு சொற்களைப் பாருங்கள். பெயரோடு வயதும் குடும்பமும் வந்தால் அநேகமாக இறப்புச் செய்தி. துணை நடிகர் பெயரும் கடைசிக் காட்சியும் வந்தால் ஒளிபரப்பு. ஒரே விசித்திரத் தொடரை எழுத்து மாறாமல் எல்லாரும் தட்டியிருந்தால் குறுக்கெழுத்துக் குறிப்பு.

———

ஒரு சிக்கல். கூகுளின் ‘டிஸ்கவர்’ பரிந்துரை வழி வருபவர் எதையும் தேடவில்லை. கூகுளே பக்கத்தை அவர் கைப்பேசியில் நீட்டுகிறது. அதற்கு அறிக்கையும் தனி. ஆகவே பொதுச்சொல் ‘வரத்துத் துள்ளல்’. தேடல் துள்ளல், டிஸ்கவர் துள்ளல் இரண்டும் அதன் வகைகள். இப்படியே நம் கலைச்சொல் அட்டவணையில் ஏற்றுகிறேன்.